பதினோரு அடி முத்தம்

அந்த முத்தம் பதினோரு அடி நீளம். லியோட்டா இரண்டு முறை அளந்துவிட்டாள். முதல் முறை பித்தளை அளவுகோலில், இரண்டாம் முறை படம் படமாக எண்ணி. ஃபிலிமில் அடிக்குப் பதினாறு படம், மொத்தம் நூற்று எழுபத்தாறு படம். நூற்று எழுபத்தாறிலும் அவள் புருஷன் ஹார்லனின் வாய் அந்த நியூயார்க்காரியின் வாயை விட்டு நகரவில்லை. வீட்டில் இவளுக்குக் கிடைப்பதை அளந்தால் ஒரு அடிகூடத் தேறாது. அதிலும் பாதி நேரம் அவன் தொப்பியைத் தேடிக்கொண்டிருப்பான்.

"ஆறு அடிதான்டி கேட்டாராம் டைரக்டர்," என்றாள் பக்கத்து மேஜை நெல்டா, பசைக் குப்பியை மூடிக்கொண்டே. "மிச்சம் அஞ்சு அடி உன் வீட்டுக்காரன் தன் கணக்குல போட்டதுபோல."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"நான் மூடிட்டேன். அவன்தான் மூடல."

நெல்டாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் அதைச் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் லியோட்டாவின் வயிறு அதற்கு முன்பே பற்றி எரிந்துகொண்டிருந்தது. நெல்டா ஊதத்தான் செய்தாள், பற்றவைத்தது வேறு.

ஜாக்சன்வில்லில் அந்தக் குளிர்காலத்தில் பத்துப் படக் கம்பெனியாவது இருந்திருக்கும். வடக்கே பனி கொட்டும்போது நடிகர்களும் கேமராக்காரர்களும் பறவைக் கூட்டம்போல ஃப்ளோரிடாவுக்கு வந்து இறங்குவார்கள். மார்ச் முடிவில் மூட்டை கட்டுவார்கள். பால்மெட்டோ கம்பெனி ஆற்றங்கரையில் ஒரு பழைய படகுக் கொட்டகையை வளைத்துப் போட்டிருந்தது. திறந்தவெளி மேடை ஒன்று, அதற்கு மேலே வெயிலை வடிகட்ட வெள்ளைத் துணி, மேடைக்கு எதிரே ஃபிலிம் வெட்டி ஒட்டும் அறை. அந்த அறையின் ஒரே ஜன்னல் மேடையைப் பார்த்தது. லியோட்டாவின் மேஜை ஜன்னலோரம். ஹார்லன் நடிக்கப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலை ஒருமுறை பார்ப்பான். இவள் வெள்ளைக் கையுறை போட்ட கையைத் தூக்கிக் காட்டுவாள். கல்யாணமான புதிதில் வந்த பழக்கம் அது.

முத்தக்காட்சி எடுத்த அன்று மட்டும் லியோட்டா ஜன்னலின் மரக்கதவை அறைந்து சாத்திவிட்டாள். கண்கொண்டு பார்க்க அவளால் முடியவில்லை. பட்டப்பகலில் விளக்குப் போட்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நெல்டா அன்று முழுக்க முணுமுணுத்தாள்.

படத்தின் பெயர் 'நதிக்கரை வீடு'. ஒரே வீட்டு அண்ணன் தம்பி. அண்ணன் வடக்குப் படைக்குப் போகிறான், தம்பி தெற்குப் படைக்கு. நடுவில் அடுத்த வீட்டுப் பெண். உள்நாட்டுப் போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆகியும் அந்தக் கதைக்கு மவுசு குறையவில்லை. நீலச் சட்டை படத்தில் வெளுத்துத் தெரியும் என்பதால் வடக்கத்தியார் சட்டையையெல்லாம் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். ஊர்க் கிழவர்கள் அதைப் பார்த்து, "இப்பத்தான்டா அவனுங்க மனசுக்கேத்த நிறம்," என்று சிரித்தார்கள்.

இந்தப் படத்துக்கு ஒரே தலை, ஆனால் இரண்டு வால். அதுதான் டைரக்டர் ஸ்ட்ராடின் சாமர்த்தியம். வடக்கு ஊர்களுக்குப் போகும் பிரதியில் தம்பி ஆற்றங்கரையில் குண்டடிபட்டு அந்தப் பெண்ணின் மடியில் சாவான், அண்ணன் அழுதுகொண்டே அவளைக் கைப்பிடிப்பான். தெற்கு ஊர்களுக்குப் போகும் பிரதியில் தம்பி பிழைப்பான், அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்பான், தம்பிக்கு முத்தமும் பெண்ணும். வடக்கு வாலுக்கு நீலச் சாயம், தெற்கு வாலுக்கு ரோஜாச் சாயம். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் தவிர மாறிப்போக வழியில்லை.

தம்பி வேஷம் ஊர்ப் பையன் ஹார்லனுக்கு. அடுத்த வீட்டுப் பெண் ஜெனிவீவ் லாங்.

ஜெனிவீவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னால், அவள் ஹார்லனை ஏறெடுத்தும் பார்த்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. அவள் ஆசையெல்லாம் கலிபோர்னியாவில் இருந்தது. ஆனால் சந்தேகத்துக்குச் சாட்சி எதற்கு? அவள் தும்மினால் ஹார்லன் கைக்குட்டை நீட்டினான் என்பது ஒன்று. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவன் சோளரொட்டியில் பாதியை அவள் வாங்கித் தின்றாள் என்பது இரண்டு. அந்த ரொட்டி லியோட்டா சுட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு இன்னும் ஏழெட்டு அகப்பட்டது. எல்லாவற்றையும் ஒஹையோவில் இருந்த தன் அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதித் தள்ளினாள்.

எழுதாத விஷயம் ஒன்றுதான். ஏப்ரலில் கம்பெனி கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறுகிறது. கதாநாயகன் என்று ஒருவனைத்தான் ஸ்ட்ராட் கூட்டிப் போவார். போட்டியில் அண்ணனாக நடித்த ரூபர்ட் க்வேட் ஒருவன், ஹார்லன் ஒருவன். உள்ளூர்த் தியேட்டரில் முதல் காட்சி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு. ரோஜா வால் ஓடி, ஊர்ப் பையன் ஜெயித்து, ஊர்ப் பெண்கள் கைதட்டினால் ஹார்லனுக்கு டிக்கெட்.

"நாமளும் போயிடலாம், லியோட்டா. அங்க ஆரஞ்சு வருஷம் பூரா காய்க்குதாம்," என்பான் ஹார்லன்.

'நாமளும்' என்ற சொல் அவள் காதில் விழாது. அவள் கண்முன் வருவது ரயில் பெட்டி, எதிரெதிர் இருக்கை, நடுவில் ஜெனிவீவின் தொப்பி.

நீல வாலில் ஒரு ரகசியம் இருந்தது. சாவுக் காட்சி எடுத்த அன்று ஜெனிவீவ் ஆற்றுச் சேற்றில் மண்டியிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கரையெல்லாம் சிவப்பெறும்பு. முகம் தெரியும் துண்டை உலர்ந்த இடத்தில் எடுத்து முடித்தார்கள். இரண்டு கைகள் மட்டும் தெரிகிற நெருங்கிய துண்டுக்கு யாராவது வேண்டும். ஜெனிவீவின் சட்டைக் கை லியோட்டாவின் மணிக்கட்டுக்குச் சரியாக இருந்தது. அவளைக் கூட்டிப்போய் எறும்பு நடுவில் உட்காரவைத்து, மடியில் புருஷன் தலையை வைத்தார்கள்.

கேமரா சுழலும்போது அவன் உதடு அசையாமல் சொன்னான்: "உன் கை வாழைப்பழ வாசனை அடிக்குது."

ஒட்டும் பசைக்கு அந்த வாசனைதான். "சாவுடா பேசாம," என்றாள் இவள். அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு செத்தான். அவள் கை அவன் நெற்றியைத் தடவி, கண்ணை மூடி, கன்னத்தில் தங்கியது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தத் துண்டு ஒன்பது அடி.

ஆக, படத்தின் கடைசிச் சுருளான மூன்றாம் சுருளில், ஒரு வாலில் அவள் புருஷன் உயிரோடு இன்னொருத்தியிடம் இருந்தான். இன்னொரு வாலில் செத்து இவளிடம் இருந்தான். எந்த வால் நல்ல வால் என்று அவளைக் கேட்டால் யோசிக்கவே மாட்டாள்.

முதல் இரண்டு பிரதிகளையும் ஒட்டி அனுப்பும் வேலை லியோட்டாவுக்கு வந்தது. ஒன்று உள்ளூர் மக்னோலியா தியேட்டருக்கு, ஒன்று ஒஹையோவில் டேட்டன் நகரத்துக்கு. நெல்டா சாப்பிடப் போயிருந்தாள். லியோட்டா ரோஜா வாலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். கட்டைவிரல் நகத்தளவு படத்தில் அவன் கண் ஒரு பக்கமாகச் சொக்கிப்போய்க் கிடந்தது. படம் படமாகத் தள்ளிப் பார்த்தாள். நூற்று எழுபத்தாறிலும் அதே சொக்கல். என்னைப் பார்த்து இந்தக் கண் எப்போது சொக்கியது என்று நினைத்தாள். அவ்வளவுதான். உள்ளூர்ப் பிரதியின் முனையில் நீல வாலைப் பசை தடவி ஒட்டினாள். கையில் மிஞ்சியது ரோஜா வால். எரித்தால் நீளம் குறையும், கணக்கில் அகப்படும். டேட்டன் பிரதியில் ஒட்டி, பெட்டியை மூடி, முத்திரை வைத்து, ரயிலுக்கு அனுப்பிவிட்டாள்.

டேட்டன் அவள் பிறந்த ஊர். அவள் அம்மாவும் வடக்குப் படையில் சண்டை போட்ட அவள் அப்பாவும் இருக்கிற ஊர். ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள். பொறாமைக்கு ஒரு கண்தான், அது ஒரு பக்கம்தான் பார்க்கும்.

முதல் காட்சி சனிக்கிழமை மதியம். மக்னோலியா தியேட்டர் நிரம்பி வழிந்தது. முதல் மூன்று வரிசையில் பழைய தெற்குப் படைக்காரர்கள், மார்பில் பித்தளைப் பதக்கங்களோடு. அவர்களுக்கு நட்டநடுவில் லியோட்டாவின் மாமனார் ஆம்ப்ரோஸ். வலது கால் முழங்காலோடு போய் ஐம்பது வருஷம். இருக்கிற ஒற்றைக் கால் நகத்தை மாதம் ஒருமுறை வெட்டிவிடுவது லியோட்டாதான். அப்போதும் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏ வடக்கத்தி" என்பார். மாடியில் கறுப்பர்களுக்குத் தனிப் படிக்கட்டு, தனிப் பெஞ்சு. எவர்களுடைய விலங்கை வைத்துக்கொள்வதா உடைப்பதா என்று அந்தப் போர் நடந்ததோ, அவர்களில் ஒருவர் முகம்கூட மூன்று சுருளிலும் கிடையாது. மாடிக்காரர்கள் அதைக் கவனித்திருப்பார்கள். கீழே யாரும் கவனிக்கவில்லை.

"ஏ வடக்கத்தி! இங்க வந்து உக்காரு. எம்மவன் உங்க ஆளுங்களை என்ன பண்றான்னு பக்கத்துல இருந்து பாரு," என்றார் ஆம்ப்ரோஸ்.

"பாக்கத்தானே மாமா வந்திருக்கேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை பின்னால் ஹார்லன், அவனுக்குப் பக்கத்தில் ஜெனிவீவ். நடிகர்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது ஸ்ட்ராடின் ஏற்பாடு. லியோட்டா அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்ததில் கழுத்து வலி கண்டது.

மூன்றாம் சுருள் வந்தது. ஆற்றங்கரை. பியானோக்காரி ரோஜா வாலுக்கென்று கல்யாண மெட்டு எடுத்து வைத்திருந்தாள், அதை வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். திரை நீலமாயிற்று. துப்பாக்கி புகைந்தது. தம்பி விழுந்தான். பியானோக்காரியின் கை அந்தரத்தில் நின்றது. அதற்கப்புறம் தியேட்டரில் இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும்தான்.

அந்தச் சத்தத்தில் இரண்டு கைகள் வந்தன. திரை முழுக்க இரண்டே கைகள், நடுவில் ஹார்லனின் முகம். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு. வாழைப்பழச் சிரிப்பு என்று அறிந்தவர்கள் அந்தத் தியேட்டரில் இரண்டு பேர். மற்றவர்களுக்கு அது சொர்க்கத்தைப் பார்த்தவன் சிரிப்பு. கை நெற்றியைத் தடவியது, கண்ணை மூடியது, கன்னத்தில் தங்கியது. லியோட்டா தன் வேலை திரையில் அசைவதை முதல்முறையாகப் பார்த்தாள். ஒட்டும் அறைப் பெண்களைத் திரையிட்டுப் பார்க்க யாரும் கூப்பிட்டதே இல்லை. நகத்தளவு படத்தில் தெரியாதது திரையில் தெரிந்தது. அந்தக் கை அவனை எவ்வளவு ஆசையாய்த் தொடுகிறது என்று பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பின்னால் ஒரு பெண் விசும்பினாள். பிறகு இன்னொருத்தி. ஆம்ப்ரோஸ் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, "ஹார்லன்!" என்று ஒரு கத்துக் கத்தினார். பெற்ற பிள்ளை இரண்டு வரிசை பின்னால் குத்துக்கல்போல உட்கார்ந்திருந்தான். "அப்பா, இங்கதான் இருக்கேன்," என்று அவன் சொன்னது கிழவர் காதில் ஏறவில்லை.

வடக்கத்தி அண்ணன் பெண்ணைக் கைப்பிடித்தபோதுதான் ஊருக்கு அழுகை வற்றிக் கோபம் வந்தது. பழைய படைக்காரர்கள் தொப்பியைத் திரைமேல் எறிந்தார்கள். தியேட்டர்க்காரர், இந்தக் கம்பெனிப் படம் இனி என் வாசல் ஏறாது என்று ஸ்ட்ராடின் முகத்துக்கு நேராகச் சொன்னார். எல்லாரும் முன்கூடத்துக்கு வந்து கூடினார்கள். கோபம் பாதி, கண்ணீர் பாதி.

ஜெனிவீவைச் சுற்றித்தான் கண்ணீர்க்காரர்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "மிஸ் லாங், முடிவு எப்படியோ போகட்டும். இந்தக் கை! இந்தக் கை நடிச்ச நடிப்பை நான் மேடையிலகூடப் பாத்ததில்ல!"

"மனசு எங்கயோ அங்க கையும் போகும்," என்றாள் ஜெனிவீவ், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாற்போல இருந்தது லியோட்டாவுக்கு. முத்தத்தை ஒழிக்கப் போய், தன் கையையும் ஜெனிவீவுக்கே தூக்கிக் கொடுத்தாயிற்று. ஹார்லனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. அது என் பொண்டாட்டி கை என்று அவன் சொன்னால் போதும், இந்த ஜென்மத்துக்கு வேறெதுவும் கேட்கமாட்டாள். ஹார்லன் தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாருக்குப் பதிலாக யார் கை நடித்தது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அந்தச் சட்டம் லியோட்டாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பொறாமை சட்டம் படித்ததில்லை.

"யோவ் பத்திரிகை!" கிழவர் ஆம்ப்ரோஸ் கூட்டத்தை ஊன்றுகோலால் விலக்கிக்கொண்டு வந்தார். "எந்தக் கையைப் புடிச்சிட்டு நிக்கற? அது இவ கை இல்ல. இடது சுண்டுவிரல் கோணலா இருந்துச்சே, பாக்கல? அது எங்க வீட்டு வடக்கத்தி கை. மூணு வருசமா என் கால் நகத்தை வெட்டற கை. எனக்குத் தெரியாதா?"

பத்திரிகைக்காரர் ஜெனிவீவின் சுண்டுவிரலைப் பார்த்தார். அது நேராக இருந்தது. மெதுவாக அந்தக் கையை விட்டார்.

லியோட்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அந்தக் குளிர்ச்சி. ஏனென்றால் அதற்குள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள், டைரக்டர் ஸ்ட்ராடும்தான்.

"ஒட்டினது நீதானே?" என்றார் ஸ்ட்ராட். "ஒண்ணு நீலம், ஒண்ணு ரோஜா. மாறிப்போச்சுன்னு சொல்லாதே."

"வேற யாரு செய்வா? அவ அப்பன் வடக்குப் படைக்காரன்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "உப்பு நம்மோடது, விசுவாசம் அங்க," என்றது இன்னொன்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

லியோட்டா வாயைத் திறந்தாள். அவள் காலை ஒரு பூட்ஸ் அழுத்தமாக மிதித்தது.

"நான் மாத்தினேன், சார்," என்றான் ஹார்லன்.

"நீயா? எதுக்கு?"

"எனக்கு முத்தம் கொடுக்க வரல. சாகத்தான் நல்லா வருது. ஊர்க்காரங்க அதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டேன். அவ சாப்பிடப் போன நேரத்துல நானே ஒட்டிட்டேன்."

ஸ்ட்ராட் அவனை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் சாகறே," என்றார். "அதுல குத்தம் இல்ல. ஆனா என் ஃபிலிமைத் தொடறவன் என் ரயில்ல ஏற முடியாது." தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ரூபர்ட் க்வேட் அவர் பின்னாலேயே போனான், கதவைத் திறந்துவிட.

லியோட்டா அப்போதும் சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு வைத்து ஸ்ட்ராடின் சட்டையைப் பிடித்து, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்கு மாற்றினாய் என்று அடுத்த கேள்வி வருமே, ஜெனிவீவ் நிற்கிறாளே, அவள் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு நடந்தார்கள். கிழவர் முன்னால், டக் டக்கென்று.

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றாள்.

"நீ சொல்லியிருந்தா ஊரே உன்னை ஓட ஓட விரட்டும். என்னை என்ன பண்ணுவாங்க? ஊர்ப்பையன். நாலு நாள் திட்டுவாங்க."

"ஏன் மாத்தினேன்னு நீ கேக்கவே இல்லியே."

"கேக்க என்ன இருக்கு? உங்கப்பா கட்சி தோக்கறதை நீ உக்காந்து பாக்கணுமா? எங்கப்பா தினம் குத்திக் காட்டறதும் தெரியும். எனக்குப் புரியுது, லியோட்டா. நான் உன் இடத்துல இருந்தா நானும் செஞ்சிருப்பேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்சி விசுவாசம் என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பொறாமையில் என்ன கௌரவம்? அவன் நினைத்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்று வறுத்த கெளுத்தி மீனில் பெரிய துண்டை ஆம்ப்ரோஸ் தானாகவே எடுத்து அவள் தட்டில் போட்டார். "சாப்பிடு, லியோட்டா," என்றார். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவள் பெயர் அவர் வாயில் வந்தது. அவள் அந்தத் துண்டை மெதுவாக ஹார்லனின் தட்டுக்குத் தள்ளினாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி ரயில் போயிற்று. ரூபர்ட் ஜன்னலோரம், ஜெனிவீவ் எதிரே. ஹார்லன் வழியனுப்பப் போகவில்லை. மரக்கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் தார் பூசும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சாயங்காலம் வந்து வாசல் படியில் உட்கார்ந்து விரலில் ஒட்டிய தாரைப் பன்றிக் கொழுப்பால் தேய்த்துத் தேய்த்து எடுப்பான். குறை சொல்லமாட்டான். அவன் குறை சொல்லாதது அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கூடை கல்லைத் தலையில் ஏற்றியது. அதற்கு நடுவிலும் ஒரு நாள் பத்திரிகையில் ஜெனிவீவின் படம் வந்தபோது அவன் எவ்வளவு நேரம் அதைப் பார்க்கிறான் என்று கவனிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஜென்மக் குணம்.

பத்து நாள் கழித்து டேட்டனிலிருந்து கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கியவன் ஹார்லன். மாமியார் கடிதத்தை எப்போதும் அவனே பிரித்துச் சத்தமாக வாசிப்பான், கிழவிக்கு எழுத்திலும் கேலி இருக்கும் என்பதால். லியோட்டா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் அவளுக்கு மறந்துபோன அந்த ரோஜா வால் ஞாபகம் வந்தது. கத்தி நின்றது.

"குடு, நான் அப்புறம் படிச்சிக்கறேன்."

"இரு, இரு." அவன் வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

"என் மகளுக்கு. நேற்று உன் புருஷன் படம் பார்த்தோம். தெற்கத்திப் பையன் ஜெயித்ததும் உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவரோடு பாதித் தியேட்டரும் போயிற்று. நான் போகவில்லை. நீ நாலு பக்கம் புலம்பியிருந்தாயே அந்தப் பெண்ணைப் பற்றி, அவளைப் பார்க்கத்தானே நான் போனது. முத்தமும் பார்த்தேன். அடி பைத்தியமே, அது முத்தமா? உதடு இங்கே, கண் எங்கேயோ. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவன் மாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆசையுள்ளவன் அப்படிப் பார்க்கமாட்டான். நான் ஐந்து பெற்றவள், எனக்குத் தெரியும். அந்தப் பையனைச் சந்தேகப்பட்டு ஏதாவது கிறுக்குத்தனம் செய்து வைக்காதே..."

ஹார்லன் நிறுத்தினான். மிச்சத்தை மனசுக்குள் வாசித்தான். தாளை மடித்தான்.

"ரோஜா வால் டேட்டனுக்குப் போச்சா?"

"ம்."

"உங்கப்பா தோக்கறதை உங்கப்பாவுக்கே அனுப்பி வச்சியா?"

அவள் வெண்டைக்காய்க் காம்பு ஒன்றை நகத்தால் கிள்ளினாள்.

"அப்ப அது உங்கப்பாவுக்காக இல்ல."

"இல்ல."

வெண்டைக்காய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்துப் பலகையில் வைத்தான். அவனுக்குக் கோபம் வரட்டும், கத்தட்டும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"பதினோரு அடி, ஹார்லன்," என்றாள் கடைசியில். "ஆறு அடி கேட்டாரு. நீ பதினோரு அடி கொடுத்த. கண்ணு ஒரு பக்கமா சொக்கிக் கிடந்துச்சு. நான் எண்ணிப் பாத்தேன், நூத்து எழுவத்தாறு படம். எங்கதான் பாத்த நீ?"

"உன் ஜன்னலை."

"என்ன?"

"எப்பவும் கை தூக்குவியே. அன்னைக்குக் காணோம். நான் கொடுக்க வேண்டியிருந்ததோ இன்னொருத்திக்கு முத்தம், நீ கோவமா இருக்கியோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல். இப்பத் தூக்குவ, இப்பத் தூக்குவன்னு அங்கயே பாத்துட்டிருந்தேன். ஸ்ட்ராட் போதும்னு கத்தினது காதுல விழல. கேமராக்காரன் அதை நல்லாருக்குன்னு நெனச்சு சுத்திட்டே இருந்துட்டான்." அவன் கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தான். "ஜன்னல் சாத்தியிருந்துச்சு, லியோட்டா."

உள்ளே ஆம்ப்ரோஸ் சாப்பாடு ஆயிற்றா என்று குரல் கொடுத்தார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தார் வாடை அடித்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவள் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.